டீச்சர் சொன்ன வடிவு

எங்கள் சித்தப்பாவுக்குப் பெண் தேடிக் கொடுத்தது நான்தான் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. வாய்பாட்டில் ஏழுக்கு மேல் தகராறு. அப்படிப்பட்டவள் ஒரு கல்யாணத்தை முடித்து வைத்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். அதுவும் குருவிப் படம் எடுக்கப் போன இடத்தில்.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஈப்போவில் ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை. வேலை நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஏணி போட்டு நிற்பார். சனிக்கிழமை வந்தால் குருவி. யாரோ ஒரு சீனத் தாத்தாவிடமிருந்து பழைய கேமராவும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்சும் வாங்கி வைத்திருந்தார். அந்த லென்சுக்கு இலை போட்ட பச்சைத் துணியில் உறை தைத்துக் கொடுத்தது அம்மாதான். தைத்துக் கொடுத்த கையோடு, "இந்தப் பீரங்கிய தூக்கிக்கிட்டு அலைஞ்சா எவ தம்பி உங்களக் கட்டிக்குவா?" என்றும் கேட்டுவிட்டார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கவலை சித்தப்பாவின் கல்யாணம். அம்மா வாங்கிவந்து காட்டாத பெண் படம் இல்லை. ஒவ்வொன்றையும் சித்தப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "லைட்டிங் சரியில்லண்ணி" என்று திருப்பிக் கொடுப்பார். நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் சனிக்கிழமை முடியாது என்பார். ஞாயிற்றுக்கிழமை படங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பார். அப்பா ஒருநாள் பொறுக்க முடியாமல், இவன் குருவியைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று சொல்லிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மையான காரணம் டீச்சர். இதை இப்போது சொல்கிறேன். அப்போது இது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடவே போன எனக்கும் தெரியாது.

டீச்சர் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தார். கழுத்தில் தொலைநோக்கி, தலையில் துணித் தொப்பி, ஒரு சின்ன வெள்ளைக் கார். படம் எடுக்கமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். அவர்கள் சிலோன் தமிழர்கள். அவருடைய தாத்தா மலாயா ரயில்வேயில் எழுத்து வேலைக்கு வந்தவர். என் பாட்டன் ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் சீவ வந்தவர். இரண்டு குடும்பமும் ஒரே முருகனைத்தான் கும்பிட்டோம், ஆனால் வேறு வேறு கோயிலில். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பேச்சில்கூட வராது.

டீச்சர் பேசுவது தமிழ்தான் என்று எனக்குப் பிடிபடவே சில வாரங்கள் ஆயின. அவருக்கு எதைப் பார்த்தாலும் வடிவு. குருவி வடிவு, மேகம் வடிவு, என் சடையில் கட்டிய ரிப்பன்கூட வடிவு. சித்தப்பா லென்சைத் திருப்பும்போதெல்லாம் "வடிவாப் பாருங்கோ, வடிவாப் பாருங்கோ" என்பார். வடிவு என்றால் அவர்கள் பேச்சில் அழகு என்பதும், வடிவாக என்றால் நன்றாக, ஒழுங்காக என்பதும் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. ஒன்பது வயதில், குருவி பார்க்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை என்று நினைத்தேன். அந்தப் பாஷையைச் சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

நாங்கள் போனது லகாட் பக்கம். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன இடம். குட்டை குட்டையாகத் தண்ணீர், நடுவில் வெள்ளை மணல் மேடுகள், தூரத்தில் சுண்ணாம்பு மலை. அதை ஒட்டித்தான் பழைய தோட்டம். கித்தா போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதியை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது தோட்டத்துக் கோயிலும் அதற்கு எதிரே ஒரு தோசைக்கடையும்.

கடையை ஓர் அண்ணனும் தங்கையும் நடத்தினார்கள். அண்ணன் தேத்தண்ணி ஆற்றுவார், தங்கை தோசை சுடுவார். எனக்கு அவர் தோசைக்கடை அக்கா. கல்லின் ஓரத்தில் எனக்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு தோசை ஊற்றுவார், அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும். பெயரெல்லாம் கேட்டதில்லை. சித்தப்பா அவரை நிமிர்ந்து பார்த்ததாகவும் ஞாபகமில்லை. சாப்பிடும்போது கேமராவின் பின்பக்கத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு அந்த அக்காவை நன்றாகத் தெரியும். அம்மா பிறந்ததே அந்தத் தோட்டத்தில்தான்.

வைகாசி பிறக்கப்போகும் சமயம். குளிர்நாட்டிலிருந்து வந்த பறவைகளெல்லாம் திரும்பிப் போயிருந்தன. நீலக்கழுத்துக் குருவிகள் மட்டும் மணல் மேட்டில் பொந்து போட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. டீச்சர் அதைப் பஞ்சுருட்டான் என்பார். பச்சை உடம்பு, தவிட்டு நிற முதுகு, வாலில் கம்பிபோல இரண்டு இறகு. இதில் ஆண் குருவி தும்பியைப் பிடித்து, கிளையில் அடித்துக் கொன்று, பெண் குருவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். பெண் அதை வாங்கிக்கொண்டால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். ஆண் நீட்ட, பெண் வாங்க, அந்தக் கணத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று சித்தப்பா பல வாரமாகத் தவம் கிடந்தார்.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்குள் என்னை எழுப்பி, நான் போட்டிருந்த மஞ்சள் சட்டையைக் கழற்றச் சொன்னார். பளிச்சென்று போட்டால் குருவி பறந்துவிடும் என்று எப்போதும் சொல்வதுதான். நான் மண் கலர் சட்டைக்கு மாறிக்கொண்டு வந்து பார்த்தால், அவர் தீபாவளிக்கு எடுத்த வானநீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார். பவுடர்கூடப் பூசியிருந்தார். உங்களைப் பார்த்துக் குருவி பறக்காதா என்று கேட்டேன். "வாய மூடிட்டு வண்டில ஏறு லா" என்றார்.

அன்று டீச்சரிடம் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் அவர் வந்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தும்பிப் படம் ஒன்றுதான்.

மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் கேமராவை முக்காலியில் நிறுத்தி, பட்டுப்போன ஒரு கிளைக்குக் குறி வைத்தார். டீச்சர் வழக்கம்போல "அங்க வடிவாப் பாருங்கோ" என்று கையைக் காட்டினார். சித்தப்பா அங்கே பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைக் குட்டை நாற்காலியில் உட்கார வைத்து, கேமராவிலிருந்து வந்த ஒயரின் முனையைக் கையில் கொடுத்தார். "ஒண்ணு இன்னொண்ணுக்குத் தும்பி குடுக்கும்போது அழுத்து. அதுவரைக்கும் கச்சாவ் பண்ணாம உக்காந்திரு" என்றார். உயிரைக் கொடுப்பாரே தவிர அந்தக் கேமராவை யார் கையிலும் கொடுக்காதவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி, தானாக முளைத்து வளர்ந்த ஒரு கித்தா மரத்தடிக்குப் போனார்கள். நான் கிளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சித்தப்பாவின் குரல் மட்டும் கேட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது நட்சத்திரம் சொல்வாரே, அந்த மாதிரி ஒரு குரல். பிறகு டீச்சரின் குரல்.

"நானும் வடிவா யோசிச்சுப் பார்த்தனான். சரிவராது. எங்கட வீட்டில ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டினம்."

அந்த நேரம் பார்த்து ஆண் குருவி வந்து கிளையில் உட்கார்ந்தது. அலகில் சிவப்புத் தும்பி. இப்படி அடித்தது, அப்படி அடித்தது, தத்தித் தத்திப் பக்கத்தில் போய் நீட்டியது. பெண் குருவி கொஞ்சமும் பிகு பண்ணாமல் வாங்கிக்கொண்டது. நான் பொத்தானை விடாமல் அழுத்தினேன். கேமரா படபடவென்று அடித்துத் தள்ளியது. எனக்கு எழுந்து குதிக்காமல் இருக்க முடியவில்லை.

"வாங்கிடுச்சு சித்தப்பா! வாங்கிடுச்சு!"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இத்தனை பெரிய காரியம் செய்திருக்கிறேன், சித்தப்பா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. டீச்சர்தான் வந்தார். திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல வடிவு, பிள்ளை" என்று என் தலையைத் தடவினார். அவர் கை சில்லென்று இருந்தது. அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சித்தப்பா முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து லென்சுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். குருவி பறந்து போய்விட்டது. கிளை மட்டும் இருந்தது. நானும் பார்க்கிறேன் என்று எத்தனை முறை கேட்டும் நகரவில்லை. வெயில் ஏறி மணல் சுட ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார். என் கையை உடைத்தாலும் சரி, இனிமேல் இவரோடு வரக்கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். எனக்கு அவ்வளவு கோபம்.

தோசைக்கடையிலும் அப்படித்தான். கேமராவைத் திறக்கவே இல்லை. அடுப்பு இருந்த பக்கம் பார்த்தபடி சிலைபோல உட்கார்ந்திருந்தார். தட்டில் வைத்த தோசை விறைத்துப்போனது. அந்த அக்கா ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், மறுமுறை பார்த்தார், பிறகு கேட்காமலேயே சூடாக இன்னொரு தோசையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஊற்றும் சின்னத் தோசையை அன்று மறந்துவிட்டார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குழாயடியில் நிறுத்திக் காதிலும் கழுத்திலும் இருந்த மணலைக் கழுவினார். காலையிலிருந்து அங்கே என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். நான் அழுதுகொண்டே பொரிந்து தள்ளினேன்.

"சித்தப்பா வடிவா பாத்துக்கிட்டே இருந்தாரும்மா. எனக்குக் காட்டவே இல்ல."

எங்கள் வீட்டுப் பேச்சில் 'வடிவா பாத்தாரு' என்பதும் 'வடிவ பாத்தாரு' என்பதும் சொல்லும் வேகத்தில் ஒன்றாகிவிடும். எழுதினால் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அழுகையில் அந்தக் காலை நான் விழுங்கிவிட்டேன். அம்மாவின் கை என் காதிலேயே நின்றுவிட்டது. அந்தத் தோசைக்கடை அக்காவின் பெயர் வடிவு என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"யாரு, நம்ம சித்தப்பாவா? வடிவையா?"

"ஆமா. டீச்சர்தான் வடிவா பாருங்க, வடிவா பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எல்லா வாரமும் சொல்வாங்க."

"டீச்சரே சொன்னாங்களா!"

சொன்னார்தானே. நான் ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அம்மா என்னைச் சோப்பு நுரையோடு அப்படியே விட்டுவிட்டு, லோரி கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினார். அப்பா கேட்டுவிட்டு, படித்த பெண், நாலு பேரைப் பார்த்தவர், அவரே பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். வடிவு அக்காவுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் கடையைக் காரணம் காட்டி நழுவிப் போனவர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவும் அப்பாவும் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு போய்க் கேட்டேவிட்டார்கள். சித்தப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் லைட்டிங் சரியில்லை என்பார் என்ற பயம்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வேலை முடிந்து வந்து கருவிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"உங்க வண்டவாளம் எல்லாம் வெளிய வந்துருச்சு தம்பி. டீச்சர் எல்லாத்தையும் பேசியிருக்காங்களாமே?"

சித்தப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நாங்கள் போய்ப் பேசிவிட்டே வந்துவிட்டோம் என்றார் அம்மா.

"அவங்க வீட்ல... என்னண்ணி சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க லா!"

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும், நானே கல்யாணம் செய்துகொண்ட பிறகும்கூட, எந்த முகத்திலும் பார்த்ததில்லை. பெட்டி கையிலிருந்து நழுவியது. அண்ணி, அண்ணி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா பாவம், அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து மேலும் பேசினார். வடிவின் அண்ணன் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டதையும், அன்று கடையில் சித்தப்பா பார்த்த பார்வையிலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்று வடிவு தலையைக் குனிந்துகொண்டு சொன்னதையும் சொன்னார்.

"எந்த வடிவு?" என்றார் சித்தப்பா.

அம்மா சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டினார். சித்தப்பா என் முன்னால் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். நீ என்ன சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டார். சொன்னதை அப்படியே சொன்னேன், பள்ளியில் ஒப்பிக்கிற மாதிரி. கேட்டு முடித்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அதோடு போய்விட்டது.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சாண்ணே?"

சொல்லியாச்சு என்றார் அப்பா. சித்தப்பா எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அப்போ சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். இதைவிடச் சுருக்கமாக ஓர் ஆண் கல்யாணத்துக்குச் சம்மதித்து நான் கேட்டதில்லை.

இன்றைக்கு அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். கடை இப்போது ஈப்போவில், இரண்டு கதவு வைத்த கடை. சித்தப்பா இன்னமும் சனிக்கிழமைகளில் குருவி பார்க்கப் போகிறார். சித்தி ஏதாவது கட்டிக் கொடுத்து அனுப்புகிறார். நான் எடுத்த தும்பிப் படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களிடமெல்லாம் சித்தி, இவர் என்னை முதன்முதலில் பார்த்த அன்று எடுத்தது என்று காட்டுவார். சித்தப்பா பக்கத்தில் நின்று ஆமாம் என்பார். அவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் சித்தப்பாவை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தேதான் வருகின்றன.

எனக்கு விஷயம் விளங்கியது காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது. கூடப் படித்த சிலோன் தமிழ்ப் பெண் ஒருத்தி வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டு, "வடிவாச் சாப்பிடும் பிள்ளை" என்றார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. பெரியவர்கள் சொன்னதைத்தான் நானும் நம்பினேன்: டீச்சர் அத்தனை வாரமும் தோசைக்கடை அக்காவைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பெண் பார்த்துக் கொடுத்தவருக்குத்தான் முதல் பத்திரிகை என்று அம்மா நேரிலேயே போய் வைத்துவிட்டு வந்தார். டீச்சருக்கு நிறைய வேலை இருக்கும் அண்ணி, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. டீச்சர் வந்தார். அம்மா அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, சபையறியச் சந்தனம் கொடுத்து, ஒரு பட்டுப்புடவையையும் மடியில் வைத்தார். டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் பட்டுப்பாவாடையோடு அவர் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். மேடையில் தாலி கட்டி முடித்து, சித்தப்பா படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சித்தி, தலை நிறைய மல்லிகையோடு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். எங்கள் சித்தி எப்படி இருக்கிறார் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வடிவு" என்றார்.

பேரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "பேரு தெரியும் டீச்சர். எப்படி இருக்காங்க?"

"நல்ல வடிவு, பிள்ளை."

மறுபடியும் பேரையே சொன்னார். பெரிய வகுப்புக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையே என்று எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.